திர்ஹாஸிடம் யார் சொல்வது

சித்தி செத்துப்போனது ரஹ்வாவுக்குத் தெரியும். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தில் இருக்கிற, எரித்ரியாவின் செனாஃபே ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். சர்ச் வாசலில் மெழுகுவத்தி விற்கிறவருக்குத் தெரியும். முடிவெட்டுகிற பெரெக்கெத்துக்குத் தெரியும். அகதி மனுக்களைப் பார்க்கிற உள்துறைக்குத் தெரியும். மனுவைத் தள்ளித் தீர்ப்பு எழுதிய நீதிபதிக்கும் தெரியும். தெரியாத ஒரே ஆள் அந்தச் சித்தி பெற்ற மகள் திர்ஹாஸ்தான்.

இதில் யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை. எரித்ரியாக்காரர்கள் சாவை எடுத்த எடுப்பில் சொல்லிவிட மாட்டார்கள். போனில் சொல்வது பாவம். தனியாக இருக்கிறவளிடம் சொல்வது அதைவிடப் பாவம். நாள் குறித்து, விடிகிற நேரத்தில், உறவும் ஊருமாகக் கூடி வீட்டுக்குப் போக வேண்டும். அவள் விழுந்தால் பிடிக்கக் கை இருக்க வேண்டும், அழுதால் கூட அழ வாய் இருக்க வேண்டும். அதுவரை ஊரே வாயைக் கட்டிக்கொள்ளும். பரீட்சை முடியட்டும் என்று கட்டிக்கொள்ளும், பிரசவம் முடியட்டும் என்று கட்டிக்கொள்ளும். ரஹ்வாவுக்கே சித்தி செத்ததை அப்படித்தான் வந்து சொன்னார்கள். ஊரிலிருந்து மாமா, இங்கே ஊர்ப் பெரியவளான லெத்தாய் அம்மாவின் வீட்டுக்காரருக்குச் சொல்ல, அவர்கள் கூட்டமாக வந்து ரஹ்வாவின் கதவைத் தட்டினார்கள்.

"சின்னவளுக்கு இப்ப வேணாம்" என்று அன்றைக்கே முடிவு செய்தது லெத்தாய் அம்மாதான். "அவ கேஸ் முடியட்டும். இருக்கலாம்னு காகிதம் வந்த மறுநாளே போய்ச் சொல்லிடலாம். அழறதுக்கும் காலுக்குக் கீழ கொஞ்சம் தரை வேணும்ல."

திர்ஹாஸ் பட்டாளத்திலிருந்து ஓடிவந்தவள். அவர்கள் நாட்டில் பட்டாளத்தில் சேர நாள் உண்டு, விடுபட நாள் கிடையாது. பிள்ளை ஓடினால் பெற்றவளைப் பிடிப்பார்கள். அப்ரெஹெத் சித்தியைப் பிடித்தார்கள். அவள் சிறையிலேயே செத்தாள். மகளிடம் சொல்ல ஊர் கூடி ஒரு பொய்யைச் செய்தது: அம்மாவை விட்டுவிட்டார்கள், மாமாவின் மலைக் கிராமத்தில் இருக்கிறாள், அங்கே போன் எடுக்காது. திர்ஹாஸ் நம்பினாள். நம்ப ஆசையிருக்கிறவளிடம் பொய் சொல்ல என்ன திறமை வேண்டும்?

பிறகு ரஹ்வா ஒரு காரியம் செய்தாள்.

அப்போதிருந்த வக்கீல், "உங்க தங்கச்சியத் திருப்பி அனுப்பினா ஆபத்துங்கறதுக்கு என்ன சாட்சி இருக்கு?" என்று கேட்டார். ரஹ்வா யோசித்துப் பார்த்தாள். சித்தியின் சாவைவிடப் பெரிய சாட்சி எது? சித்தி சிறையில் செத்ததைச் சாட்சி அறிக்கையில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். "அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. அத நாங்கதான் சொல்லணும்" என்றாள். "சரி, சரி" என்றார் அவசரக்கார வக்கீல். என்ன சரி என்று அவருக்கும் தெரியாது. கோர்ட்டில் இருப்பவர்களும் தாய் வயிற்றில் பிறந்தவர்கள்தானே, ஒருத்தியின் அம்மா செத்ததை அவள் முகத்துக்கு நேராக, முன்பின் தெரியாதவர்கள் நடுவில், ஒரு கேள்வியாக யாராவது கேட்பார்களா? அந்த எண்ணமே ரஹ்வாவுக்கு வரவில்லை. எந்த எரித்ரியாக்காரிக்கும் வந்திருக்காது.

கேட்டார்கள்.

அன்று ரஹ்வா சாட்சி என்பதால் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கடைசிவரை அவளை உள்ளே கூப்பிடவில்லை. வக்கீல் முகம் வெளுத்து வெளியே வந்து, "உங்க சாட்சியம் வேண்டாம்னு விட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டு ரயிலைப் பிடிக்க ஓடினார். திர்ஹாஸ் சிரித்தபடி வந்தாள். பஸ்ஸில் வறுத்த உருளைக்கிழங்கை ரஹ்வாவின் வாயில் ஊட்டிவிட்டு, "அம்மாவுக்கு உடம்பு முடியலயாமே? உனக்குத் தெரியுமாமே? ஏன்க்கா எங்கிட்டச் சொல்லல?" என்று கேட்டாள்.

ரஹ்வா உருளைக்கிழங்கை மென்று விழுங்கினாள். "லேசாக் காய்ச்சல். இப்ப சரியாயிடுச்சு."

"காய்ச்சலுக்கா ரூம் நிறைய ஆளுங்க அப்படி மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டாங்க?"

"வெள்ளக்காரங்க மூஞ்சியே அப்படித்தான்."

திர்ஹாஸ் சிரித்தாள்.

தீர்ப்பு வந்த நாள் அவளுடைய அறையில் ரஹ்வா அதைப் படித்தாள். அகதிகளுக்கென்று கொடுத்த வீடு அது. கீழே ஒரு சூடான்காரி, பக்கத்து அறையில் ஒரு அல்பேனியக் குடும்பம், சுவரெல்லாம் ஈரப்பூஞ்சை. ஆங்கிலம் ரஹ்வாவுக்குத்தான் வரும். அவள் முதியோர் இல்லத்தில் வேலை பார்த்து வருஷங்கள் ஆகிவிட்டன.

"தள்ளிட்டாங்களாக்கா?"

"தள்ளிட்டாங்க."

"ஏனாம்?"

தீர்ப்பின் நடுவில் இப்படி எழுதியிருந்தது: தாயார் சிறையில் இறந்துவிட்டதாக உறவினர் சொல்கிறார். அது மனுதாரரிடம் நேரடியாகக் கேட்கப்பட்டது. 'அம்மா திடமானவள், சரியாகிவிடும்' என்று அவர் பதில் சொன்னார். தாயின் சாவைப் பற்றிக் கேட்டால் ஒரு மகள் இப்படிப் பதில் சொல்வாள் என்பதை நான் நம்பவில்லை. இருவரில் ஒருவராவது புனைந்து சொல்கிறார்.

ரஹ்வா அதை மறுபடி படித்தாள். நேரடியாகக் கேட்கப்பட்டது. கேட்டிருந்தால் இவள் அங்கேயே விழுந்திருப்பாள். சிரித்தபடி வெளியே வந்திருக்க மாட்டாள். அப்படியென்றால் கேள்வி இவள் காதுக்கு வரவேயில்லை. அன்றைக்கு மொழிபெயர்க்க வந்தவர் கிதானே. கிதானே செனாஃபேக்காரர்.

"எனக்கும் படிச்சுக் காட்டேன்" என்றாள் திர்ஹாஸ்.

"எல்லாம் சட்டப் பேச்சு. உனக்குப் புரியாது."

"நான் என்ன சொன்னேன்னு எழுதியிருப்பாருல்ல, அதையாவது படி."

"நீ சொன்னது மாறி மாறி வருதாம்."

"எது மாறுது?"

"தேதி" என்றாள் ரஹ்வா.

"ஒரு தேதிக்காகவா என்னை அவங்க கையில திரும்பக் குடுக்கறாங்க? அவங்க எங்கம்மாவை என்ன பண்ணினாங்கன்னு அங்க யாருமே கேக்கலையா?"

கேட்டார்கள்டி, உனக்குத்தான் வந்து சேரவில்லை, என்று சொல்ல ரஹ்வாவுக்கு நாக்கு எழவில்லை.

புதிய வக்கீல் ஃபர்ஹானா, கோழிக்கடைக்கு மேலே இரண்டு அறை வைத்திருந்தாள். பெற்றோர் வங்கதேசத்துச் சில்ஹெட்டிலிருந்து வந்தவர்கள். சுற்றிவளைக்கத் தெரியாதவள். ரஹ்வா பஸ்ஸில் நடந்த பேச்சைச் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்தாள்.

"மேல் தீர்ப்பாயத்துல போய்ப் புதுசா கதை சொல்ல முடியாது, ரஹ்வா. அழுதாலும் கேக்க மாட்டாங்க. கீழ உக்காந்தவர் சட்டப்படி தப்புப் பண்ணினாரா, அது ஒண்ணுதான் அங்க பேச்சு. நம்பலன்னா அது தப்பு இல்ல. ஆனா ஒரு கேள்வி அவங்க காதுக்கே போகாம, 'கேட்டேன், ஒழுங்கா பதில் சொல்லல'ன்னு எழுதினா, அது தப்பு. ஒலிப்பதிவு இருக்கும். வாங்கறேன்."

வாங்கினாள். மேல்முறையீட்டுக்கு அனுமதியும் கிடைத்தது. ஒலிப்பதிவைக் கேட்க ரஹ்வாவைக் கூப்பிட்டாள்.

முதலில் உள்துறை வக்கீலின் குரல், வெட்டு வெட்டு என்று: உங்கள் தாயார் சிறையில் இறந்துவிட்டதாக உங்கள் அக்கா சொல்கிறார், உயிரோடு நலமாக இருப்பதாக நீங்கள் சொல்கிறீர்கள், யார் பொய் சொல்வது? பிறகு ஒன்றும் இல்லை. ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. யாரோ தண்ணீர் குடித்தார்கள். அப்புறம் கிதானேயின் குரல், வீட்டில் பேசுகிற திக்ரிஞ்ஞா மொழியில், பிள்ளையைத் தூங்க வைக்கிறவர் மாதிரி: "உங்கம்மாவுக்கு அங்க உடம்புக்கு முடியாமப் போச்சுன்னு அக்கா எழுதியிருக்காம்மா. நீ நல்லா இருக்காங்கங்கற. இதுக்கு என்னம்மா சொல்ற?"

"அம்மா திடமானவ. சரியாயிடும்" என்றது திர்ஹாஸின் குரல்.

அந்தப் பதிலை மட்டும் ஒரு சொல் பிசகாமல் ஆங்கிலத்தில் கொடுத்திருந்தார் கிதானே.

ரஹ்வா மொழிபெயர்த்துச் சொன்னதும் ஃபர்ஹானா மேசையைத் தட்டினாள். "கிடைச்சிருச்சு. இது போதும். நீங்க ஏன் இப்படி உக்காந்திருக்கீங்க? சந்தோஷப்படணும்."

"ஒழுங்காக் கேட்டிருந்தா அங்கயே விழுந்திருப்பா."

"விழுந்திருந்தா ஜட்ஜ் நம்பியிருப்பார்" என்றாள் ஃபர்ஹானா. சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே உறைத்தது. தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். "மன்னிச்சுக்கங்க. ஆனா இன்னொண்ணும் சொல்லணும். என் கட்சிக்காரர் அவங்க, நீங்க இல்ல. இந்த விஷயத்தை அவங்ககிட்ட நான் மறைக்கக் கூடாது. விசாரணைக்கு முன்னால நீங்க சொல்லுங்க. இல்லன்னா நான் சொல்லியாகணும்."

"நீங்க எப்படிச் சொல்வீங்க?"

"இங்க கூப்பிட்டு, உக்கார வச்சு."

"தனியாவா?"

"மொழிபெயர்ப்பாளர் இருப்பாரே."

ரஹ்வாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. ஃபர்ஹானா பயந்துபோய்ப் பார்த்தாள்.

கிதானே மொழிபெயர்ப்பு இல்லாத நாட்களில் டாக்ஸி ஓட்டுவார். ரஹ்வா நேராக ரயில் நிலைய வாசலுக்குப் போய் அவர் வண்டியின் பின்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள்.

"எங்கம்மா போகணும்?"

"எங்கயும் இல்ல. டேப் கேட்டேன்."

கிதானே கண்ணாடியில் அவளைப் பார்த்தார். இன்ஜினை நிறுத்தினார்.

"உங்களால கேஸ் போச்சு" என்றாள் ரஹ்வா. "சொன்னதச் சொல்றதுதானே உங்க வேலை? அதுக்குத்தானே காசு வாங்கறீங்க? கூட்டாம குறைக்காம சொல்றேன்னு சத்தியம் வேற பண்றீங்க."

"பண்ணினேன்."

"அப்புறம்?"

"அவ என்னையே பாத்துக்கிட்டிருந்தா, ரஹ்வா. அந்த ரூம்ல அவ மொழி பேசற ஆள் நான் ஒருத்தன்தான். கேள்வி கேட்டவன் பேப்பரப் பாக்கறான், ஜட்ஜ் எழுதிக்கிட்டிருக்கார், அவ என் வாயைப் பாக்கறா. அப்ரெஹெத் கையால நான் சாப்பிட்டிருக்கேன். அவ மககிட்ட, டை கட்டிக்கிட்டு, மத்தியான நேரத்துல, 'உங்கம்மா செத்துட்டாங்களே, யார் பொய் சொல்றது'ன்னு நான் கேக்கணுமா? நீயா இருந்தா கேட்டிருப்பியா?"

"என் வேலையா இருந்தா கேட்டிருப்பேன்."

"கேட்டிருக்க மாட்ட."

"கேட்டிருப்பேன். உங்க நல்ல மனசு அவளுக்கு விமான டிக்கெட் வாங்கிக் குடுத்திருச்சு."

பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. "டேப்ப அங்க போடுவீங்கல்ல?" என்றார் கடைசியில்.

"போடுவோம்."

"போடுங்க. எனக்கு அப்புறம் அந்த வேலை இருக்காது. பரவாயில்ல. நான் என்ன சொன்னேனோ அதை எழுதித் தர்றேன், கையெழுத்தும் போடறேன்." பிறகு, "அவகிட்ட சொல்லப் போற அன்னைக்கு எனக்கும் சொல்லு. நானும் வரணும்" என்றார்.

திட்டத்தான் ரஹ்வா வாயெடுத்தாள். இறங்கிக் கதவை மட்டும் ஓங்கிச் சாத்தினாள்.

நாள் குறிப்பது எளிதாக இல்லை. லெத்தாய் அம்மா பிடிவாதமாக இருந்தாள். "விசாரணை முடிஞ்சு சொல்லலாம். தாய் செத்த துக்கத்தோட எந்தப் பொண்ணு கோர்ட்டுல போய் நிப்பா?"

"நாம சொல்லலன்னா வக்கீல் சொல்லிடுவா."

"வக்கீலுக்கு அம்மா இல்லையா?"

"இருக்காங்க. அவங்க சட்டம் அப்படி."

"நல்ல சட்டம்" என்று லெத்தாய் அம்மா காப்பிக் கொட்டையைக் கரிய வறுத்தாள். பிறகு அவளே சொன்னாள்: "விசாரணைக்கு முதல் நாள் விடியக்காலைல போவோம். முன்னாடியே சொன்னா அவ ராத்திரி பகலா அழுது, அன்னைக்கு எழுந்திரிக்கவே முடியாது. முதல் நாள்னா அதிர்ச்சி இருக்கும், ஆனா கால் நிக்கும்."

அப்படியே செய்தார்கள். நவம்பர் மாதம், வெளிச்சம் வரவில்லை, தெருவில் பால்வண்டி சத்தம்கூட இல்லை. பெண்கள் வெள்ளை நெட்ஸெலாப் போர்வையின் கரையை மேலே திருப்பிக் கழுத்தைச் சுற்றிப் போர்த்தியிருந்தார்கள். சந்தோஷத்துக்குக் கரை காலடியில் தொங்கும். துக்கத்துக்குக் கழுத்தில் ஏறும். கதவைத் திறந்தது கீழ்வீட்டுச் சூடான்காரி. வாசல் நிறைய வெள்ளையைப் பார்த்தாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. தலை முக்காட்டை இழுத்துக்கொண்டு ஒதுங்கி வழிவிட்டாள்.

திர்ஹாஸ் பல் துலக்கிய வாயோடு மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்தாள். பாதியில் நின்றாள். லெத்தாய் அம்மாவைப் பார்த்தாள், சர்ச் மெழுகுவத்திக்காரரைப் பார்த்தாள், கழுத்துக்கு ஏறியிருந்த கரைகளைப் பார்த்தாள். 'என்ன' என்று அவள் கேட்கவில்லை.

"யாரு?" என்றாள்.

முறைப்படி எல்லோரும் மேலே ஏறி அவளைச் சுற்றி நின்ற பிறகுதான் பேச வேண்டும். ஏறினார்கள்.

"மாமாவா?" என்றாள். "மாமாதானே? அவருக்குத்தானே சர்க்கரை இருக்கு. மாமான்னு சொல்லுங்க."

"உங்கம்மா, கண்ணு" என்றாள் லெத்தாய் அம்மா.

கை இருந்தது. பிடித்தார்கள். அழுகை அந்த ஒடுக்கமான படிக்கட்டில் முட்டி மோதி மேலே போனது. அல்பேனியக் குழந்தை விழித்துக்கொண்டு கூடவே அழுதது. எல்லோரையும் மீறிக் கீழ்ப்படியில் நின்றபடி உரக்க அழுதது கிதானே.

வெகுநேரம் கழித்து, அழுது தேய்ந்த குரலில், "எப்ப?" என்று கேட்டாள் திர்ஹாஸ்.

லெத்தாய் அம்மா ரஹ்வாவைப் பார்த்தாள். ரஹ்வாதான் சொல்ல வேண்டியிருந்தது. "போன வருஷம். சிலுவைத் திருநாளுக்கு முன்னாடி."

"போன வருஷமா?" அவள் எழுந்து உட்கார்ந்தாள். "இந்த ஈஸ்டருக்கு அம்மாவுக்குன்னு சால்வை வாங்கினேன். நீ கூட வந்த. பச்சை வேணாம், நீலம் எடுன்னு சொன்ன."

"சொன்னேன்."

"காய்ச்சல்னு சொன்ன."

ரஹ்வா தலையைக் குனிந்தாள். திர்ஹாஸ் அடிப்பாள் என்று எதிர்பார்த்தாள். திர்ஹாஸ் அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அடித்திருந்தால் தேவலை.

துக்க வீட்டில் செய்தி சொன்னதிலிருந்து சில நாட்களுக்கு அவளைத் தனியாக விடக் கூடாது. அவளும் வீட்டைவிட்டு வெளியே போகக் கூடாது. ஆனால் மறுநாள் மேல் தீர்ப்பாயம். லெத்தாய் அம்மா அதற்கும் வழி செய்தாள். துக்க வீடே கிளம்பிப் போனது. வாடகை வேன், வெள்ளைத் துணிகள், பிளாஸ்க்கில் காப்பி, துணியில் சுற்றிய ஹிம்பாஷா ரொட்டி. வாசலில் பையைச் சோதிக்கிறவன் திகைத்துப்போனான்.

"இத்தனை பேரும் சாட்சியா?"

"துக்கத்துக்கு வந்திருக்கோம்" என்றாள் ரஹ்வா.

"இது கோர்ட்டும்மா."

"தெரியும்."

அவன் ரொட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு உள்ளே விட்டான். நல்லவன் போல. குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

திர்ஹாஸ் வழியெல்லாம் மனதுக்குள் ஒரு பேச்சைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தாள். எனக்குத் தெரியாது, சத்தியமாகத் தெரியாது, தெரிந்திருந்தால் அன்று சிரித்திருக்க மாட்டேன். ஃபர்ஹானா அவள் கையைப் பிடித்து, "இன்னைக்கு நீங்க பேச வேண்டியதில்ல" என்றாள். "வக்கீலுங்க மட்டும்தான் பேசுவோம்."

"எங்கம்மாவைப் பத்திப் பேசறாங்க, நான் பேச வேண்டாமா?"

"உங்கம்மாவைப் பத்தி இல்ல. தீர்ப்பைப் பத்தி."

இதை எந்த மொழியில் மாற்றினால் அவளுக்கு விளங்கும்? ரஹ்வா மாற்றவில்லை. "பேசாம உக்காரச் சொல்றாங்க" என்று மட்டும் சொன்னாள்.

அறைக்குள் நீதிபதி ஒரு பெண்மணி, நரைத்த தலை. இந்த முறை வந்த மொழிபெயர்ப்பாளர் ஷெஃபீல்டிலிருந்து வந்த இளம்பெண், அவளும் எரித்ரியாக்காரிதான். திர்ஹாஸின் பக்கத்தில் உட்கார்ந்து காதோடு ஒவ்வொரு சொல்லாகக் கொடுத்தாள். அவள் எதையும் விடவில்லை. இனி விடுவதற்கு என்ன இருக்கிறது?

ஃபர்ஹானா ஒலிப்பதிவைப் பற்றிச் சொன்னாள். அவர்கள் வழக்கத்தைப் பற்றிச் சொன்னாள். கேட்கப்படாத கேள்விக்குப் பதில் சொல்லவில்லை என்று ஒருத்தியைப் பொய்க்காரி ஆக்கியது சட்டப் பிழை என்றாள். உள்துறை வக்கீல் எழுந்தார். இளைஞர், இவருக்கும் அதே வெட்டு வெட்டுப் பேச்சு, தொண்டை கட்டியிருந்தது, அடிக்கடி இருமினார். ஒலிப்பதிவை மறுக்கவில்லை என்றார். ஆனால் செய்தி நேற்றுக் காலைதான் சொல்லப்பட்டதாம், விசாரணைக்குச் சரியாக முதல் நாள், வசதியான நாள் என்றார். பின்வரிசையில் வெள்ளைத் துணிகள் அசையாமல் இருந்தன. அவர் தொடர்ந்தார். அந்தத் தாய் இறந்தார் என்பதற்கே ஆவணம் எதுவும் இல்லை. மரணச் சான்று இல்லை. உடலைப் பார்த்தவர் இல்லை. அவர் உயிரோடு இருக்கக்கூடும்.

மொழிபெயர்ப்பாளர் ஒரு கணம் தயங்கினாள். பிறகு அதையும் காதில் சொன்னாள்.

திர்ஹாஸ் நிமிர்ந்தாள். நேற்றிலிருந்து தொங்கிப்போயிருந்த முகம் அது. அதில் வந்து ஏறிய வெளிச்சத்தை ரஹ்வா பார்த்தாள். திர்ஹாஸ் அவள் முழங்கையை இறுக்கிப் பிடித்தாள்.

"அக்கா. அவருக்கு ஏதாவது தெரியுமா?"

"என்ன?"

"உயிரோட இருக்கலாம்கறாரே. இவங்க பெரிய ஆபீஸ்ல இருந்து வர்றவங்க. தூதரகம் எல்லாம் இருக்கு. இவங்களுக்கு அங்கேருந்து சேதி வந்திருக்கும்ல? நமக்கு மாமா சொன்னதுதானே. மாமாவும் பாக்கலதானே?"

"திர்ஹாஸ்."

"கேளுக்கா. எங்க பாத்தாங்களாம்னு கேளு."

"அவருக்கு ஒண்ணும் தெரியாதுடி. அவர் சும்மா சொல்றார்."

"கோர்ட்டுல சும்மா சொல்வாங்களா?"

நீதிபதி மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். மொழிபெயர்ப்பாளர் உதட்டில் விரலை வைத்தாள். திர்ஹாஸ் அடங்கினாள். ஆனால் அதற்குப் பிறகு அவள் தன் வக்கீலைப் பார்க்கவே இல்லை. தன்னை நாட்டைவிட்டு அனுப்பத் துடிக்கிற அந்த இருமல்காரனையே, அவன் இன்னும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டானா என்று, விசாரணை முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

நீதிபதி அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. கேள்வி மனுதாரருக்குப் போய்ச் சேரவில்லை, ஆகவே அந்த விசாரணை நியாயமானதல்ல, கீழ்த் தீர்ப்பை ரத்து செய்கிறேன், வழக்கு வேறொரு நீதிபதி முன் முதலிலிருந்து நடக்கட்டும் என்றார். தாய் இறந்தாரா இல்லையா என்பது பற்றித் தான் எதுவும் சொல்லவில்லை, அது அங்கே முடிவாக வேண்டியது என்றும் சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார். எழுந்து போகும்போது பின்வரிசையைப் பார்த்து லேசாகத் தலையைக் குனிந்தார்.

வெளியே வந்ததும் ஃபர்ஹானா ரஹ்வாவைக் கட்டிக்கொண்டாள். "ஜெயிச்சுட்டோம்."

"இருக்கச் சொல்லிட்டாங்களா?" என்று கேட்டாள் லெத்தாய் அம்மா.

ரஹ்வா விளக்கினாள். பழைய தீர்ப்பு செல்லாது. மறுபடி கீழே, முதலிலிருந்து.

"அப்ப எதை ஜெயிச்சோம்?"

"மறுபடி கேக்கறதை."

லெத்தாய் அம்மா பிளாஸ்க்கைத் திறந்து எல்லோருக்கும் காப்பி ஊற்றினாள். ரொட்டியைப் பிட்டுக் கொடுத்தாள். வாசல்காரனுக்கும் ஒரு துண்டு கொடுத்தாள். அவன் வாங்கிக்கொண்டான். ஃபர்ஹானா சொல்ல வேண்டியதை அப்போதே சொல்லிவிட்டாள்: அடுத்த முறை அந்தக் கேள்வி நேராகவே வரும். என்ன பதில் சொல்ல வேண்டும் என்று நான் சொல்லித் தரக் கூடாது. ஆனால் வரும், தெரிந்துகொள்ளுங்கள்.

துக்கம் கேட்க வந்தவர்கள் ஓய்ந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை திர்ஹாஸ் ரஹ்வா வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்திருந்தாள். நீலச் சால்வையைத் தானே போர்த்தியிருந்தாள். ஜெபெனா மண்குடுவையில் மூன்றாம் முறை காப்பி பொங்கிக்கொண்டிருந்தது.

"அக்கா, ஒண்ணு கேக்கவா? போன தடவ நான் அழலன்னு நம்பல. இந்தத் தடவ அழுதா நடிக்கறேம்பாங்க. எவ்வளவு அழணும்?"

ரஹ்வா கோப்பைகளை எடுத்து வைத்தாள்.

"சரி, நீ கேளு. அவங்க கேக்கற மாதிரியே கேளு. முதல் தடவ அங்க வச்சுக் காதுல விழுந்தா எனக்கு மூச்சு நின்னுடும். இங்கயே பழகிக்கறேன்."

"வேணாம்டி."

"கேளுக்கா."

ரஹ்வா அடுப்பை அணைத்தாள். நேராக நின்றாள். இதில் என்ன இருக்கிறது? நடந்தது நடந்துவிட்டது, தெரிந்தவளுக்குத்தானே சொல்லப் போகிறோம். டாக்ஸியில் கிதானேயிடம் என்ன வீறாப்பாகப் பேசினோம்.

"உங்கம்மா..." என்று ஆரம்பித்தாள். திர்ஹாஸ் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உங்கம்மாவுக்கு அங்க உடம்புக்கு முடியாமப் போச்சுன்னு..."

நின்றுவிட்டாள். அடுத்த சொல் வரவில்லை. இரண்டாம் முறையும் அதே இடத்தில் நின்றாள்.

திர்ஹாஸ் காத்திருந்து பார்த்தாள். பிறகு சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, எதிரே காலியாக இருந்த நாற்காலியைப் பார்த்து, தானே கேட்டாள். அந்த இருமல்கார வக்கீலின் குரலில், வெட்டு வெட்டு என்று. உங்கள் தாயார் சிறையில் இறந்துவிட்டார். உயிரோடு இருக்கிறார் என்று நீங்கள் சொன்னீர்கள். எது பொய்?

கேட்டுவிட்டு ஜெபெனாவை எடுத்து இரண்டு கோப்பையிலும் காப்பி ஊற்றினாள்.

"நான் சொன்னதுதான் பொய்" என்றாள்.